பழைய காரில் புதிய சங்கீதம்

திண்டிவனத்தில் மேற்கே திரும்பித் திருவண்ணாமலைச் சாலையைப் பிடித்து, வயல்களையும் ஏரிக்கரைகளையும் கடந்து, யாரோ பாறைகளை அள்ளிக் குவித்து வைத்தாற்போன்ற குன்றுகள் இருமருங்கும் தலைகாட்டும் இடத்தை அடையும்போது, ஐம்பது அறுபது வயதான ஒரு காரில் அமர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு உண்டானால், அதைக் குறைகூற நான் துணியமாட்டேன். அந்த ஆசையின் பொருட்டுக் காரின் டேஷ்போர்டை ரம்பத்தால் அறுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் என்னால் இயலவில்லை. செஞ்சிக் கோட்டையைக் காண விடுமுறை நாட்களில் வந்து நிற்கும் வாகனங்களுக்கிடையே ஒரு பழைய அம்பாஸடரோ, பிரீமியர் பத்மினியோ, அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தென்பட்டால், கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. வெளியே புது வர்ணமும் துலக்கிய குரோமியமுமாக மணப்பந்தலுக்குப் புறப்பட்டதுபோல நிற்கும் கார்களில் சிலவற்றின் உள்ளே, வட்ட வட்டமான மானிகளுக்குப் பக்கத்தில், நீல விளக்கு மினுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி, சுற்றிலும் தகடு பிசிறடித்த ஒரு சதுரத் துவாரத்தில் திணிக்கப்பட்டிருப்பதைக் காண நேரும்போது, வெளியில் செலவழித்த பணத்தையும் பக்தியையும் எண்ணி வருந்தத் தோன்றுகிறது.

ஹெரால்டைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது நம் பக்கத்துப் பிள்ளை. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனியின் தொடர்போடு சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அதைத் தயாரித்தது. தாய்நாட்டில் இரண்டு கதவுகளோடு பிறந்த அந்தக் காருக்கு நான்கு கதவுகள் வைத்த பெருமையும் வண்டலூரையே சாரும். உத்தரபாராவில் 2014 வரை வெளிவந்துகொண்டிருந்த அம்பாஸடருக்கு உதிரிப்பாகம் இன்னும் எங்கேயாவது அகப்படும். ஹெரால்டின் டேஷ்போர்டு ஒன்று கெட்டுப்போனால், மற்றொரு ஹெரால்டு உடைபடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு மார்க்கம் அநேகமாக இல்லை.

இனித் துவாரத்தின் கதைக்கு வருவோம். இன்று கடைகளில் விற்கும் கார் ஸ்டீரியோக்களின் முகப்பு, ஜெர்மானியர் வகுத்துப் பின்னர் 1984-இல் உலகமே ஏற்றுக்கொண்ட ஓர் அளவுக்கு உட்பட்டது: அகலம் சுமார் 18 சென்டிமீட்டர், உயரம் சுமார் 5, தொடுதிரை வைத்த பெரிய ரகமானால் உயரம் இரட்டிப்பு. அறுபதுகளின் கார்களுக்கு இந்த அளவைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்நாளைய வானொலி, இரு பக்கமும் இரண்டு குமிழ்களும் நடுவே அலைவரிசை காட்டும் சிறு கண்ணாடியுமாக, இரண்டு தண்டுத் துளைகளுக்கும் ஒரு சின்னஞ்சிறு ஜன்னலுக்கும் பொருந்துமாறு அமைந்தது. அதுவும் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளும் உபரிச் சாதனம். ஆகவே புதிய பெட்டியைப் பழைய இடத்தில் வைக்கவேண்டுமானால் இரண்டில் ஒன்று இணங்கியாகவேண்டும். பெட்டி இணங்காது, பட்டறைக்காரர், "சார், அரைமணி நேர வேலை, வெட்டிட்டா கச்சிதமா உக்காந்துடும்" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். கச்சிதமாகவே உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்த பிறகுதான் மின்சாரம் தன் ஆட்சேபத்தைத் தெரிவிக்கும். இன்றைய ஸ்டீரியோ 12 வோல்ட்டில், பேட்டரியின் நெகடிவ் முனை காரின் உடலோடு சேர்ந்திருக்கும் ஏற்பாட்டில் வேலை செய்வது. பிரிட்டிஷ் வழிவந்த கார்களில் அறுபதுகளின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகப் பாசிடிவ் முனையே எர்த்தாக இருந்தது. இதை விசாரிக்காமல் ஒயரை இணைத்து, ஸ்டீரியோவின் உலோகக் கூட்டைக் காரின் தகட்டில் திருகிவிட்டால், முதற்பாட்டுக்கு முன்னே ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸும் சரியாக இல்லாவிட்டால் ஒயரே புகையும். எர்த்தை மாற்றிக்கொள்ள வழியுண்டு என்றாலும், டைனமோவைப் புதிய திசைக்குப் பழக்குவது முதலாகப் பல காரியங்களைச் சேர்த்துச் செய்யவேண்டியிருப்பதால், ஓய்வு நேரத்தில் ஒப்பேற்றும் வேலையன்று அது. அப்புறம் டைனமோவின் சக்தியைக் கவனியுங்கள். அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பது ஏறக்குறைய 22 ஆம்பியர். கார் நின்று இஞ்சின் மெல்ல ஓடுகையில் கொடுப்பது அநேகமாகச் சூனியம். இரவில் முன்விளக்குகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மழையில் வைப்பர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, பற்றவைப்புக்கு ஒரு பங்கு போக மிஞ்சுவதில், இருக்கைக்கு அடியில் பெரிய ஆம்ப்ளிஃபையரும் பின்புறத்தில் பெட்டி ஸ்பீக்கரும் வைத்துக் கச்சேரி நடத்த முற்பட்டால், ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் தன் சேமிப்பிலிருந்து தானம் செய்துகொண்டிருக்கும். ஜன்னல்களைத் திறந்துகொண்டு, இஞ்சின் சத்தத்தோடும் காற்றோடும் போகும் காருக்குள் அவ்வளவு பெரிய சங்கீதம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

மறுபக்கத்தில் ஒரு கோஷ்டி இருக்கிறது. பழைய காரில் புதிய பொருள் எதுவுமே கூடாது, வானொலி வேண்டுமென்றால் அந்தக் காலத்து வானொலிதான் என்று சாதிப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய சிரத்தையை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் வைத்திருக்கும் அழகிய வானொலி இன்று எதைப் பிடிக்கும்? அது மத்திய அலையும் சிற்றலையும் மட்டும் அறிந்தது. நம் நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பே 1977 ஜூலையில்தான் சென்னையில் தொடங்கிற்று. வண்டலூர் ஹெரால்டுகள் அதற்குள் விடைபெற்றுவிட்டன. வானொலி வைத்திருப்பவர் தபாலாபீஸில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், சென்னை நிலையமும் இலங்கை வானொலியும் போதுமாயிருந்தன. இன்றைக்குப் பிரயாணியின் பாட்டெல்லாம் அவருடைய செல்போனில் இருக்கிறது. ஓடுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு வாகனத்தில் ஓட்டுபவரின் சந்தோஷத்துக்கு இடமில்லை என்றால், அந்தக் கார் ஷெட்டை விட்டு வெளியே வருவதே நின்றுபோகும்.

நான் இவ்வாறெல்லாம் பேசும்போது, செஞ்சியில் இருந்துகொண்டே இதைச் சொல்லலாமா என்று அன்பர் ஒருவர் மடக்கினார். இந்தக் கோட்டையையே பாருங்கள் என்றார் அவர். கோனார்கள் தொடங்கியதை நாயக்கர்கள் விஸ்தரித்தார்கள், பீஜப்பூரார் பலப்படுத்தினார்கள், 1677-இல் சிவாஜி கைப்பற்றிய பிறகு மராட்டியர் மதில்களை மாற்றியமைத்தார்கள், நெடுங்கால முற்றுகைக்குப் பின் 1698-இல் மொகலாயர் பிடித்தார்கள், 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் வந்தார்கள். ஒருவரும் முந்தினவருடைய உருவம் கெடுமே என்று தயங்கவில்லை. அப்படிப் பலரும் கைவைத்த கோட்டைதானே 2025-இல் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது என்பது அவருடைய வாதம். சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் கோட்டைக்குள்ளேயே இரண்டு விதமான கைவைத்தல்கள் கிடக்கின்றன என்பதை அவர் கவனிக்கவில்லை. 1717–18-இல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதி, இருந்தவற்றுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓர் இடத்தில் நிற்கிறது. வேங்கடரமணர் கோயிலின் கதை வேறு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. அங்கே அவை மிக்க சோபையோடு நிற்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இங்கே தூண் பெயர்ந்த இடம் பெயர்ந்தபடியே இருக்கிறது, அதை நிரப்ப இனி ஒருவராலும் ஆகாது. காருக்குள் ஸ்டீரியோ வரட்டும், மசூதி வந்ததுபோல வரட்டும், தூண் போனதுபோல டேஷ்போர்டு போகவேண்டாம் என்பதே என் கட்சி.

சட்டம் இதில் துணைக்கு வராது. மத்திய அரசு 2021-இல் வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு ஆகி 50 ஆண்டுகள் கடந்த சொந்த உபயோக வாகனம் ‘விண்டேஜ்’ என்று தனிப்பதிவு பெறலாம். சேஸிஸ், உடல், இஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. டேஷ்போர்டைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட ட்யூரின் சாசனம், சட்டம்போலக் கட்டாயப்படுத்தாததானாலும், இன்னும் நுட்பமாக யோசித்திருக்கிறது: மாற்றம் தவிர்க்க முடியாததானால் அது மிகச் சிறிதாக இருக்கட்டும், பின்னால் வருபவர் அதை நீக்கிப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கட்டும், கழற்றிய அசல் பாகம் காரோடேயே இருக்கட்டும் என்கிறது.

வெட்டாமல் வைக்கும் வழிகள் உள்ளவைதாம். பழைய வானொலியின் முகப்பும் குமிழ்களும் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் வால்வுகளையோ டிரான்ஸிஸ்டர்களையோ பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, புளூடூத்தும் சிறு ஆம்ப்ளிஃபையரும் கொண்ட புதிய சர்க்யூட்டைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். குமிழைத் திருகினால் ஒலி கூடும், பாட்டு செல்போனிலிருந்து வரும். அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர், திரையோ முகப்போ இல்லாத சிறு புளூடூத் ஆம்ப்ளிஃபையரை டேஷ்போர்டின் பெட்டியறைக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ வைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும் பெட்டிதான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், டேஷ்போர்டின் அடிவிளிம்பில் ஏற்கெனவே இருக்கும் திருகாணிகளிலேயே ஒரு தொங்குசட்டத்தை மாட்டி அதில் வைக்கலாம்; முழங்கால் இடிக்கும், ஆனால் தகடு பிழைக்கும். ஸ்பீக்கருக்காகக் கதவுத் தகட்டை வட்டமாக அறுப்பதற்குப் பதில், பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பலகைக்கு ஒரு பிரதி செய்து, பிரதியில் துளையிட்டுக்கொண்டு, அசலைப் பரணில் போட்டுவைக்கலாம். ஒயரைப் பழைய இணைப்புகளில் சொருகாமல், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தனி ஒயராகக் கொண்டுவருவது மற்றெல்லாவற்றையும்விட முக்கியம். ஐம்பது வருஷத்து ரப்பர் உறை எப்போது உதிரும் என்று எந்த எலக்ட்ரீஷியனும் உத்தரவாதம் தரமாட்டார்.

பட்டறைக்காரர்களை நான் குறைசொல்லவில்லை. வெட்டச் சொன்னால் வெட்டுவது அவர்கள் தொழில். வெட்டச் சொல்பவர்களை மாற்றக்கூடியவர்கள், பழங்கார் கண்காட்சிகளிலும் பேரணிகளிலும் மதிப்பெண் இடும் நடுவர்கள். அவர்கள் பானெட்டைத் திறந்து இஞ்சின் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சற்றுச் சிரமப்பட்டுக் குனிந்து டேஷ்போர்டின் அடிப்பாகத்தையும் கதவுகளின் உட்புறத்தையும் பார்க்கட்டும். ஒரு துளைகூடப் புதிதாக இல்லாத காரில் எவ்வளவு நவீனமான சங்கீதம் ஒளிந்திருந்தாலும் ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவேண்டாம். அறுத்த காரானால் அதன் வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் தாராளமாகக் குறைக்கட்டும். ஏற்கெனவே அறுத்துவிட்டவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. நல்ல டிங்கர் ஒருவர் அந்த இடத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து மட்டம் செய்து தருவார்; ஆனால் அதற்கு அரைமணி நேரம் போதாது, கூலியும் வெட்டுக்கூலியைப் போலப் பலமடங்கு ஆகும்.