விளையாட்டரங்கம் யாருக்காக? நகர மையமா, புறநகரா?



அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில ஆண்டுகளாக ஒரு விவாதம் ஓயாமல் நடந்து வருகிறது. அந்நகரின் கால்பந்து அணியாகிய 'சிகாகோ பேர்ஸ்' புதிய விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்ட விரும்புகிறது. அதை நகரின் மையத்தில், ஏரிக்கரையில் கட்டுவதா? அல்லது தொலைவில் உள்ள புறநகரில் கட்டுவதா? இதுதான் விவாதம். இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டம் அல்ல. கையில் பந்தை ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.

'இது விளையாட்டுச் செய்திதானே, இதில் சிந்திக்க என்ன இருக்கிறது?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு நகரம் தன் நிலத்தையும் வரிப்பணத்தையும் யாருக்காகச் செலவிடுகிறது என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே இது பொதுநலன் பற்றிய கேள்வியாகும்.

சிகாகோவில் நடந்தது என்ன?

பேர்ஸ் அணி 1971 முதல் 'சோல்ஜர் ஃபீல்டு' அரங்கில் ஆடி வருகிறது. 1924-இல் திறக்கப்பட்ட இவ்வரங்கம் அணிக்குச் சொந்தமானது அன்று, நகரப் பூங்காத் துறைக்கு உரியது. 2003-இல் பெரும் செலவில் இது புதுப்பிக்கப்பட்டது. அப்போது வாங்கிய கடன் 2032 வரை நீள்கிறது. விடுதிகளில் தங்குவோர் செலுத்தும் வரியிலிருந்து அது அடைக்கப்படுகிறது. இவ்வளவு செய்தும் சுமார் 61,500 இருக்கைகளோடு, அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அரங்குகளில் மிகச் சிறியதாகவே அது இருந்தது. கடன் தீருமுன்பே அணி வேறு இடம் தேடத் தொடங்கிவிட்டது.

2021-இல் ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்னும் வடமேற்குப் புறநகரில் மூடப்பட்ட குதிரைப் பந்தய மைதானத்தை வாங்க அணி ஒப்பந்தம் செய்தது. 2023 பிப்ரவரியில் 326 ஏக்கர் நிலம், 19 கோடியே 72 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. பிறகு அந்நிலத்துக்கு எவ்வளவு சொத்து வரி என்பதில் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களோடு பிணக்கு ஏற்பட்டது. அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் பெரிதும் சொத்து வரியைக் கொண்டே நடக்கின்றன. ஆகவே வரியைக் குறைத்தால் அது பிள்ளைகளின் படிப்பைத் தொடும்.

2024 ஏப்ரலில் அணி மீண்டும் ஏரிக்கரைக்குத் திரும்பியது. அரங்கத்துக்கு மட்டும் 320 கோடி டாலர் ஆகும் என்றது. அணியின் பங்கு 200 கோடிக்கு மேல், மீதிக்குப் பொதுப்பணம் வேண்டும் என்றது. மாநில அரசு ஆர்வம் காட்டவில்லை. 2025-இல் அணியின் பார்வை மறுபடியும் புறநகருக்குப் போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில், பக்கத்து மாநிலமான இண்டியானாவையும் பரிசீலிக்கப் போவதாக அணி அறிவித்தது. எந்த இடம் மக்களுக்கு நல்லது என்ற கேள்வி, எந்த இடம் அதிகம் தரும் என்ற கேள்வியாக மாறிவிட்டதை இங்கே காண்கிறோம்.

டெட்ராய்ட் தரும் பாடம்

மையமா, புறநகரா என்பதில் இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்த நகரம் டெட்ராய்ட். அதன் 'லயன்ஸ்' அணி 1974 வரை நகருக்குள் ஆடியது. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் நகரைவிட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து கொண்டிருந்தார்கள். நம் ஊர்களில் புறநகர் என்றால் மலிவான மனைக்காகப் போகும் இடம் என்றுதான் முதலில் நினைப்போம். அமெரிக்காவிலோ பெரும்பாலும் பணமும் கார்களும் போன திசை அது. ஏழைகளும் கறுப்பின மக்களும் நகருக்குள் விடப்பட்டார்கள். அணியும் 1975-இல் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பான்டியாக் ஊருக்குப் போயிற்று. 5 கோடியே 57 இலட்சம் டாலர் செலவில், 80 ஆயிரம் பேர் அமரக்கூடிய 'சில்வர்டோம்' அங்கே எழுந்தது.

நம்மில் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கலாம். 1987 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் திருப்பலி நிறைவேற்றியது இவ்வரங்கில்தான். 1994-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளும் இதே கூரையின்கீழ் நடந்தன.

2002-இல் லயன்ஸ் அணி நகர மையத்தில் கட்டப்பட்ட 'ஃபோர்டு ஃபீல்டு' அரங்குக்குத் திரும்பிவிட்டது. பான்டியாக் ஊரின் கையில் வெறும் அரங்கம் மிஞ்சியது. 2009-இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. கட்டிய விலையில் நூறில் ஒரு பங்கு என்று சொல்லலாம். 2017 டிசம்பரில் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அவ்விடத்தில் பின்னர் அமேசான் நிறுவனத்தின் சரக்குக் கிடங்கு எழுந்தது.

அப்படியானால் நகர மையம்தான் சரி என்று தீர்த்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஃபோர்டு ஃபீல்டு திறந்து 11 ஆண்டுகளில், 2013 ஜூலையில், டெட்ராய்ட் நகராட்சி திவாலானதாக அறிவித்தது. 1950-இல் 18 இலட்சத்துக்கும் மேலிருந்த மக்கள் தொகை 2010-இல் 7 இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. அரங்கம் வந்ததால் நகரம் காப்பாற்றப்படவில்லை. ஆனால் அரங்கைச் சுற்றிக் கடைகளும் விடுதிகளும் மெல்ல உயிர்பெற்றன. 2024 ஏப்ரலில் இளம் வீரர்களை அணிகள் தெரிவுசெய்யும் நிகழ்ச்சி டெட்ராய்ட் மையத்தில் நடந்தபோது, மூன்று நாட்களில் 7 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுற்றிலும் வாகன நிறுத்தம் மட்டுமே உள்ள புறநகர் அரங்கில் இப்படி ஒரு விழாவை நினைத்துப் பார்ப்பது கடினம்.

பணம் யாருடையது?

ஓர் அணி தன் சொந்த அரங்கில் ஓர் ஆண்டில் ஆடும் முறையான ஆட்டங்கள் 8 அல்லது 9 மட்டுமே. முன்னோட்ட ஆட்டங்களைச் சேர்த்தாலும் 10-ஐச் சுற்றியே வரும். மற்ற நாட்களில் இசை நிகழ்ச்சிகள் சில நடக்கும். ஆகவே 'அரங்கம் வந்தால் ஊர் செழிக்கும்' என்ற வாக்குறுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும். ரோஜர் நோல், ஆன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 1997-இல் தொகுத்த ஆய்வு நூலும் அதன் பின்வந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் சொல்கின்றன. அரங்கங்களுக்குக் கொட்டும் பொதுப்பணம் ஊரின் வருமானத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்துவதில்லை. காரணம் எளிது. ஆட்டத்துக்குச் செலவிடும் குடும்பம் அந்த வாரம் திரைப்படத்துக்கோ உணவகத்துக்கோ போவதில்லை. பணம் புதிதாக வருவதைவிட, ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறுவதே அதிகம்.

ஆனாலும் ஊர்கள் கொடுக்கின்றன. பஃபலோ நகர அணிக்காக, நகருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க் புறநகரில் புதிய அரங்கம் கட்ட 2022-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதில் நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலரும், ஈரி மாவட்டம் 25 கோடி டாலரும் தர இசைந்தன. பஃபலோவின் மெட்ரோ ரயில் அங்கே போவதில்லை. கேன்சஸ் சிட்டியில் 2024 ஏப்ரலில், அரங்கங்களுக்காக விற்பனை வரியை நீட்டிக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது, வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2025 டிசம்பரில் அந்நகரின் கால்பந்து அணி, எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்குப் போவதாக அறிவித்தது. அங்கே பொதுப்பணம் காத்திருந்தது. ஊரை ஊரோடு ஏலத்தில் நிறுத்தினால் வெல்வது அணிதான், எந்த ஊரும் அல்ல.

வண்டி இல்லாதவர் எப்படிப் போவார்?

புறநகரை ஆதரிப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. நிலம் தாராளம். மையத்தில் குடியிருப்போருக்கு நெரிசலும் இரைச்சலும் இல்லை. சிகாகோவில் இன்னொன்றும் உண்டு. ஏரிக்கரை எல்லாருக்கும் உரிய திறந்தவெளி என்று அந்நகர மக்கள் தலைமுறைகளாகப் போற்றி வருகிறார்கள். சோல்ஜர் ஃபீல்டின் வாகன நிறுத்தத்தில் ஓர் அருங்காட்சியகம் கட்டத் திட்டமிட்டபோது, பூங்காக்களைக் காக்கும் அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2016-இல் அத்திட்டம் சிகாகோவில் கைவிடப்பட்டு, பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போய்விட்டது. ஏழைச் சிறுவன் காசில்லாமல் காற்று வாங்கும் கரையைச் செல்வர்களின் அரங்குக்குக் கொடுப்பது, அது மையத்தில் இருந்தாலும், பொதுநலன் ஆகாது.

ஆர்லிங்டன் ஹைட்ஸ் நிலத்தின் அருகிலேயே ரயில் நிலையமும் இருக்கிறது. ஆனால் சிகாகோவின் புறநகர் ரயில் பாதைகள் எல்லாம் மையத்திலிருந்து விரல்கள்போல் பிரிந்து செல்பவை. தெற்கே வாழும் ஒரு தொழிலாளி வடமேற்கே போக வேண்டுமானால், முதலில் மையத்துக்கு வந்து வண்டி மாற வேண்டும். ஆட்டம் பார்ப்பவரை விடுங்கள். அங்கே தின்பண்டம் விற்பவரும் துப்புரவு செய்பவரும் நள்ளிரவில் எப்படி வீடு திரும்புவார்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், நகரங்களில் பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்று வலியுறுத்தியதை இங்கே நினைவுகூரலாம்.

சிகாகோ நகரமே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி தந்திருக்கிறது. 1926 ஜூனில் 28-வது அனைத்துலக நற்கருணை மாநாடு அங்கே நடந்தபோது, சோல்ஜர் ஃபீல்டில் இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். நிறைவு நாள் வழிபாடோ சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் மண்டலின் குருமடத்தில் நடந்தது. அங்கும் இலட்சக்கணக்கில் மக்கள் போனார்கள். எப்படி? அவர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் ஓடின. ரயில் இருந்தால் தொலைவும் அருகாகும். ரயில் இல்லாவிட்டால் அடுத்த தெருவும் தொலைவுதான்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, மையமா புறநகரா என்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். கார் இல்லாதவரும் அங்கே போய்வர முடியுமா? பொதுப்பணம் போனால், அணி விட்டுப் போன பின்னும் கடன் யார் தலையில் விழும்? ஆட்டம் இல்லாத முந்நூற்றுச் சொச்சம் நாட்களில் அந்த இடம் அக்கம்பக்கத்தாருக்கு எதைக் கொடுக்கும்?

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் நகர மையமே தேறும். பேருந்தும் ரயிலும் கடைகளும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அணி போனாலும் நகரம் இருக்கும். பான்டியாக் ஊரில் அணி போனதும் எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் பூங்காவைப் பறித்தோ, பள்ளிக்கூடத்தின் வரியைக் குறைத்தோ கட்டப்படும் அரங்கம், மையத்தில் எழுந்தாலும் அநீதியே. நல்ல ரயிலும் நேர்மையான ஒப்பந்தமும் உள்ள புறநகர் அதைவிட மேல்.

அணிகள் வரும், போகும். வரி கட்டுகிறவர்கள் அங்கேயே இருப்பார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும். சிகாகோவில் மட்டுமல்ல, பொதுப்பணத்தில் பெரிய கட்டடம் எழும் எந்த ஊரிலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்போம்.