உப்பு அள்ளும் நாளில் வணிகர் எங்கே?



ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாகிரக நினைவு யாத்திரை போகிறது. ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூண் அருகே கூடி, 1930-இல் நடந்தது போலவே உப்பு அள்ளுகிறார்கள். கதர் அணிந்தோர் வருகிறார்கள். தியாகிகளின் வாரிசுகள் வருகிறார்கள். அரிமளம் வணிகர்களாகிய நாம் ஒருமுறைகூடப் போனதில்லை. ஏதோ அரசியல்வாதிகள் விழா என்று இருந்துவிட்டோம்.

உண்மையில் அது நமது விழா. அன்று ஒரு மணங்கு உப்புக்கு வரி ஒன்றே கால் ரூபாய். ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் ஏப்ரல் 13-இல் புறப்பட்டு, 15 நாளில் 150 மைல் நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். வேதாரண்யத்தில் முன்னின்று வரவேற்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை யார்? உப்பு வியாபாரி! தம் பிழைப்பே அந்தச் சரக்கில் இருந்தும் துணிந்து நின்றார், சிறைக்கும் போனார்.

நம்மூர் அப்போது தொண்டைமான் சமஸ்தானம். வெள்ளையர் நேரடி ஆட்சி இல்லை. ஆனாலும் உவர்மண்ணில் உப்புக் காய்ச்சும் தொழிலை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கும் நிறுத்த வைத்தார்கள். எனவே அந்த வரியின் சுமை நமக்கும் அந்நியமன்று.

இப்போது நம் கதைக்கு வருவோம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள பை அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. நாம் என்ன செய்தோம்? 26 கிலோ மூட்டை வரவழைத்து விற்றோம். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் அது போராட்டமும் இல்லை. ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்கும் கூலிக்காரர் வரியைக் கட்டினார். மொத்தமாக வாங்க வசதியுள்ளவர் தப்பினார். நாமும் தப்பினோம். கல்லாவில் உட்கார்ந்து முணுமுணுத்ததோடு சரி.

அன்றைய தொண்டர்கள் ஒளிந்து உப்புக் காய்ச்சவில்லை. நாள் சொல்லி, இடம் சொல்லி, போலீஸ் முன்னாலேயே அள்ளினார்கள். வரி ஏய்ப்புக்கும் வரி எதிர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பில் போடாமல் விற்கிறவன் பேச்சை எந்த அதிகாரியும் மதிக்க மாட்டார். கணக்கை நேராக வைத்துக்கொண்டு, "இந்த வரி ஏழைக்குப் பாரம்" என்று சொன்னால் கேட்டே ஆக வேண்டும். உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. இன்று ஜி.எஸ்.டி.யிலும் உப்புக்கு வரி இல்லை.

ஏப்ரல் 30 கழிந்த ஐந்தாம் நாள் மே 5, நமது வணிகர் தினம். வரும் ஆண்டு ஒரு நாள் கடையடைத்து, ஒரு வேன் பிடித்து, சங்கக் கொடியோடு அகஸ்தியம்பள்ளி போவோம். ஒரு பிடி உப்பை எடுத்து வந்து வணிகர் தின மேடையில் வைப்போம். அதன் முன் நின்று நம் கோரிக்கைகளைப் படிப்போம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். ஆதரவு தருக.