'போனை மெதுவாக அசைக்கவும்'... ஏஆர் ஆப் ஏன் இப்படிக் கேட்கிறது?

சோபா, ஃப்ரிட்ஜ், டைனிங் டேபிள் என எதை ஆன்லைனில் தேடினாலும், பல பொருள்களுக்குக் கீழே இப்போது 'உங்கள் அறையில் பாருங்கள்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. தொட்டால் கேமரா திறக்கும். ஆனால், சோபா உடனே வந்துவிடாது. 'போனை மெதுவாக அசைக்கவும்' என்று ஒரு வரி வரும். கூடவே, ஒரு கை போனைப் பிடித்து இடமும் வலமும் நகர்த்துவது போல ஒரு படம். பலரும் அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. நின்ற இடத்திலேயே போனை ஒரு சுற்று சுற்றிவிட்டு, 'எங்கே சோபா?' என்று காத்திருப்பார்கள். வரும் சோபா தரைக்கு அரை அடி மேலே மிதக்கும். நாலடி தள்ளி நின்று பார்த்தால் அதுவும் கூடவே நகரும்.

'ஆப் சரியில்லை' என்று திட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்வது நல்லது. ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், தமிழில் 'மிகை மெய்ம்மை' என்று சொல்லப்படும் தொழில்நுட்பத்தின் பாதிச் சொற்கள் அந்த வரிக்குள்தான் இருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீஆர், அதாவது வெர்ச்சுவல் ரியாலிட்டி, எதிரே இருக்கும் உலகத்தை முழுசாக மறைத்துவிட்டு வேறொரு உலகத்தைக் காட்டும். ஏஆர் இருக்கும் உலகத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் ஒன்றைச் சேர்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ப்பது பெரிய வேலை இல்லை. கேமரா காட்சி மேல் ஒரு சோபா படத்தை ஒட்டுவதைச் சாதாரண போட்டோ எடிட்டிங் ஆப்பே செய்துவிடும். கஷ்டமான கேள்வி வேறு. 'போன் இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது?' என்பதுதான் அது. இந்தக் கேள்விக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். 1968-ல் அமெரிக்காவின் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டிப் பார்க்கும் திரை ஒன்றை உருவாக்கினார். அதைக் கூரையிலிருந்து ஒரு இயந்திரக் கையில் தொங்கவிட வேண்டியிருந்தது. பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளந்து சொன்னதும் அந்தக் கைதான்! 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்ற பெயர் அதற்கெல்லாம் பிறகு, 1990களின் தொடக்கத்தில் வந்தது. போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் காடெல் வைத்த பெயர். விமானத்துக்குள் போகும் ஏராளமான வயர்களைத் தொழிலாளர்கள் சரியாகக் கோக்க, எந்த வயர் எங்கே என்று கண் முன்னாலேயே காட்ட முடியுமா என்று அவர் யோசித்தார். ஆக, விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை ஏஆர்.

தலையை ஆட்டினால் மூன்று, நடந்தால் இன்னும் மூன்று

கூரையில் தொங்கிய அந்தக் கையின் வேலையை இன்று போன் தனியாகவே செய்கிறது. அது தெரிந்துகொள்ள வேண்டியவை ஆறு. 'ஆமாம்' என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவது ஒன்று. 'இல்லை' என்று இடமும் வலமும் திருப்புவது இரண்டாவது. 'சரி, சரி' என்று தலையைத் தோள் பக்கம் சாய்ப்போமே, நம் ஊர் ஸ்பெஷல், அது மூன்றாவது. இந்த மூன்றும் சுழற்சி. அடுத்து முன்னே-பின்னே, இடம்-வலம், மேலே-கீழே என்று இடம் மாறும் மூன்று நகர்வுகள். மொத்தத்தையும் டெவலப்பர்கள் 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்பார்கள். எழுதும்போது '6டாஃப்'.

2016-ல் உலகத்தையே தெருவில் இறக்கிவிட்ட போக்கிமான் கோ நினைவிருக்கிறதா? தொடக்கத்தில் அந்த கேம் தரையைப் புரிந்துகொள்ளவே இல்லை. போன் எந்தத் திசையில் திரும்புகிறது என்று மட்டும் பார்த்து, கேமரா காட்சி மேல் பொம்மையைக் காட்டியது. பக்கத்தில் போனால் பொம்மை பெரிதாகாது. அடுத்த ஆண்டு இறுதியில் ஐபோன்களுக்கு 'ஏஆர் பிளஸ்' வந்த பிறகுதான் பொம்மை ஓர் இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது.

அதற்கு ஒரு எளிய வழி முன்பே இருந்தது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகாசு காட்டோ 1999-ல் உருவாக்கிய 'ஏஆர்டூல்கிட்'டில், தடித்த கறுப்பு பார்டர் போட்ட ஒரு சதுரத்தை அச்சடித்து மேஜை மேல் வைப்பார்கள். இதற்குப் பெயர் 'மார்க்கர்'. சதுரம் எவ்வளவு பெரியது என்று கம்ப்யூட்டருக்கு முன்பே தெரியும். அது எவ்வளவு சிறியதாக, எந்தப் பக்கம் சாய்ந்து தெரிகிறது என்பதை வைத்து தூரத்தையும் கோணத்தையும் கணக்குப் போட்டுவிடும். போனைக் காட்டினால் யானை எழுந்து நிற்கும் குழந்தைகள் புத்தகங்கள் பெரும்பாலும் இதன் வாரிசுகள்தான்.

ஆனால், ஹாலில் சதுரம் ஒட்டிவைத்துக்கொண்டு யாரும் சோபா வாங்கப் போவதில்லை. மார்க்கர் இல்லாமல் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் 'ஸ்லாம்' வருகிறது. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதையும் வரைபடம் போடுவதையும் ஒரே நேரத்தில் செய்வது என்று பொருள். முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர் என்ன செய்வார்? ஒரு டீக்கடை, அதற்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மர், தள்ளி ஒரு பிள்ளையார் கோயில் என்று மனதில் குறித்துக்கொண்டே நடப்பார். ஊரின் வரைபடமும் உருவாகிறது. அதில் தான் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரிகிறது. போனுக்கு இந்த டீக்கடையும் டிரான்ஸ்ஃபார்மரும்தான் 'ஃபீச்சர் பாயின்ட்'. கார்ப்பெட்டின் ஒரு மூலை, மேஜைக் காலின் விளிம்பு, தரையில் ஒரு கறை... நிறம் சட்டென்று மாறும் எந்தப் புள்ளியும் அதற்கு அடையாளம்.

புள்ளி கிடைத்தால் போதாது, தூரம் தெரிய வேண்டும். ரயில் ஜன்னலில் பார்த்தால் பக்கத்துக் கம்பங்கள் பறக்கும், தூரத்துப் பனைமரங்கள் மெல்ல நகரும் இல்லையா? அதே கணக்குதான். போன் இடம் மாறும்போது எந்தப் புள்ளி வேகமாக நகர்கிறதோ அது பக்கம். மெதுவாக நகர்ந்தால் தூரம். நின்ற இடத்திலேயே சுழற்றினால் இந்த வித்தியாசம் வராது. ஆப் 'அசைக்கவும்' என்று கெஞ்சுவது இதற்குத்தான். அது கேட்பது சுழற்சி அல்ல, நகர்வு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒற்றைக் கேமராவுக்கு, பக்கத்தில் இருக்கும் பொம்மை சோபாவும் தூரத்தில் இருக்கும் நிஜ சோபாவும் ஒரே மாதிரிதான் தெரியும். நிஜ அளவை அறிய போனுக்குள் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டரும் கைராஸ்கோப்பும் கைகொடுக்கின்றன. போன் எவ்வளவு வேகமாக நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று அவை சொல்வதையும் கேமரா பார்த்ததையும் சேர்த்துத்தான் 'இது ஒரு மீட்டர்' என்ற முடிவுக்கு போன் வருகிறது. சென்சாரை மட்டும் நம்பினால் சின்னச் சின்னத் தவறுகள் சேர்ந்து, சில விநாடிகளிலேயே கணக்கு எங்கேயோ போய்விடும். இப்படி மெல்ல மெல்ல விலகுவதற்கு 'ட்ரிஃப்ட்' என்று பெயர். வைத்த சோபா நழுவும்போது உண்மையில் நழுவுவது சோபா இல்லை, போனின் கணக்கு.

நம் வீட்டு டைல்ஸ் செய்யும் குறும்பு

புள்ளிகள் பல ஒரே மட்டத்தில் இருந்தால் 'இது தரை' என்று போன் முடிவு செய்யும். அது 'பிளேன் டிடெக்‌ஷன்'. விரலால் தொட்ட இடத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, தரையில் எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது 'ஹிட் டெஸ்ட்'. முட்டிய இடத்தில் பொருளை நிறுத்திவைக்கும் நங்கூரம் 'ஆங்கர்'.

இதில் நம் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், வெள்ளைச் சுவர்! போனுக்கு இது டீக்கடையே இல்லாத ஊர். போதாததற்கு, டைல்ஸில் தெரியும் டியூப் லைட்டின் பிம்பத்தை அடையாளப் புள்ளி என்று நம்பிவிட்டால், ஆள் நகர நகர அந்தப் புள்ளியும் நகரும். பூவேலை செய்த ஆத்தங்குடி டைல்ஸ் பரவாயில்லை. ஆனால், ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் பூ எந்தப் பூ என்று போன் குழம்பவும் வாய்ப்பு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், தரையில் ஒரு கலர்ப் பாயையோ நாலு பழைய வார இதழ்களையோ போட்டுவிட்டு முயன்றால் பெரும்பாலும் சோபா அடங்கி நிற்கும். (பழைய இதழ்களுக்கு இப்படியும் ஒரு பயன்.)

நின்ற சோபா நிஜம் போலத் தோன்ற இன்னும் இரண்டு வேண்டும். அறையின் வெளிச்சத்தை ஊகித்து நிழல் போடுவது 'லைட் எஸ்டிமேஷன்'. முன்னால் பூனை நடந்தால் சோபாவின் அந்தப் பகுதி மறைய வேண்டும், அது 'அக்லூஷன்'. இரண்டாவதுதான் கடினம். இதற்கு ஒவ்வொரு புள்ளியின் தூரமும் தெரிய வேண்டும். ஆப்பிள் 2020-ல் சில ஐபேட், ஐபோன் மாடல்களில் 'லைடார்' சென்சாரையே வைத்தது. கூகுள் அதே ஆண்டு, ஒற்றைக் கேமராவின் நகர்விலிருந்தே ஆழத்தைக் கணக்கிடும் வசதியைக் கொடுத்தது.

இதையெல்லாம் ஒவ்வொரு டெவலப்பரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. ஐபோனில் 'ஏஆர்கிட்', ஆண்ட்ராய்டில் 'ஏஆர்கோர்' என்று 2017-ல் அறிமுகமான இரண்டு தளங்கள் இந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. கேம் செய்யப் பயன்படும் யூனிட்டி மென்பொருள் வழியாக இரண்டையும் சேர்த்தே கையாளலாம். கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்தத் தளங்களில் ஒன்று என்றால் ஒரு மீட்டர். சென்டிமீட்டரில் வரைந்த நாற்காலியை அப்படியே கொண்டுவந்தால் அது நூறு மடங்கு பெரிதாகி, திரையில் ஒரு கால்கூடத் தெரியாது. 'ஆப் வேலை செய்யவில்லை' என்று தேடிக்கொண்டிருப்பார்கள். நாற்காலிக்குள்ளேதான் நிற்பார்கள்!

வாங்குபவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. ஏஆர் காட்டும் அளவு, போனின் ஊகமும் கடைக்காரர் ஏற்றிய மாடலும் சேர்ந்தது. சோபா ஹாலுக்குப் பொருந்துமா, நிறம் ஒத்துவருமா என்று பார்க்க அருமையான வழி. ஆனால், வாசல் கதவிலும் மாடிப்படித் திருப்பத்திலும் அது நுழையுமா என்று ஏஆர் சொல்லாது. பணம் கட்டும் முன்பு இன்ச் டேப்பை ஒருமுறை எடுத்துவிடுவது உத்தமம்.

கடைசியாக, போன் போட்ட அந்த வரைபடம் என்ன ஆகிறது? சோபா பார்க்கும் வேலைக்கு அது போனுக்குள்ளேயே இருந்தால் போதும். இருவர் தத்தம் போனில் ஒரே பொருளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் 'கிளவுட் ஆங்கர்' தேவை. அப்போது அந்த இடத்தின் அடையாளத் தகவல்கள் சர்வருக்குப் போகும். போக்கிமான் கோவை உருவாக்கிய நியான்டிக், விளையாடுபவர்கள் விரும்பி ஸ்கேன் செய்து அனுப்பிய பொது இடங்களின் பதிவுகளைக் கொண்டு உலகின் முப்பரிமாண மாடலைப் பயிற்றுவிப்பதாக 2024-ல் சொன்னது. சும்மா நடந்து விளையாடுவது அதில் சேராது என்றும் விளக்கியது. அது தெருவும் சிலையும். ஹாலும் பெட்ரூமும் வேறு கணக்கு. ஏஆர் ஆப் கேமரா அனுமதி கேட்கும்போது, 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். 'ஸ்கேனைப் பதிவேற்றவா?' என்று தனியாக ஒரு கேள்வி வந்தால், அது சோபாவுக்குத் தேவையில்லாத கேள்வி. 'வேண்டாம்' என்று சொன்னாலும் சோபா தெரியும்.