ஹிட்லரை ஏமாற்றிய பிணம்: 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' யாருடைய கதை?

ஒரு ஸ்பை படம். ஆனா, கதையை நகர்த்துவது ஒரு பிணம். ஜான் மேடன் இயக்கத்தில் காலின் ஃபிர்த் நடித்த 'ஆபரேஷன் மின்ஸ்மீட்' பார்த்தவர்கள், 'இப்படியெல்லாமா யோசிப்பாங்க?' என்று கேட்டிருப்பீர்கள். யோசித்தது மட்டுமல்ல, செய்தும் காட்டினார்கள்.

நடந்தது என்ன?

1943. நேச நாடுகளின் அடுத்த குறி இத்தாலியின் சிசிலி தீவு. மேப்பைப் பார்த்தாலே யாருக்கும் புரியும். ஹிட்லருக்குப் புரியாதா? அதனால், 'நாங்க வரப்போறது கிரீஸுக்கும் சார்டினியாவுக்கும்தான்' என்று நம்பவைக்க பிரிட்டிஷ் உளவுத்துறை திட்டம் போட்டது.

ஒரு பிணத்துக்கு யூனிஃபார்ம் மாட்டி, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயர் வைத்தார்கள். கூடவே போலி ராணுவக் கடிதங்கள் உள்ள பெட்டி. நம்பகத்தன்மைக்கு காதலி போட்டோ, காதல் கடிதங்கள், மோதிரம் வாங்கிய பில், பணம் கட்டச் சொல்லும் பேங்க் கடிதம்! ஏப்ரல் 30 அன்று நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய், ஸ்பெயின் கடலோரத்தில் மிதக்கவிட்டார்கள். ஸ்பெயின் நடுநிலை நாடுதான். ஆனால், அங்கே ஜெர்மன் உளவாளிகள் நிறைய. கடிதத்தில் இருந்த தகவல் பெர்லினுக்குப் போனது. ஜெர்மனி கிரீஸைப் பலப்படுத்தியது. ஜூலை 10 அன்று நேச நாடுகள் சிசிலியில் இறங்கின.

அந்த மனிதர் யார்?

பெயர் க்ளிண்டூர் மைக்கேல். வேல்ஸ்காரர், வயது 34. அப்பா, அம்மா இல்லை. லண்டனில் வீடில்லாமல் அலைந்தவர், எலி விஷம் உடலில் ஏறி இறந்துபோனார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

போர் முடிந்த பிறகும் பொய் முடியவில்லை. திட்டத்தை நடத்திய யூவென் மாண்டேகு 1953-ல் எழுதிய புத்தகத்தில், அந்த மனிதர் நிமோனியாவில் இறந்ததாகவும், உறவினர்களிடம் அனுமதி வாங்கியதாகவும் சொன்னார். உண்மையான பெயர் 1990-களில்தான் வெளியே வந்தது. ஸ்பெயினில் உள்ள கல்லறையில் அந்தப் பெயர் சேர்க்கப்பட்டது 1998-ல்.

படத்தில் எனக்குள்ள வருத்தமும் இங்கேதான். மைக்கேலுக்குச் சில காட்சிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பெரும்பாலும் கற்பனையான ஒரு முக்கோணக் காதலுக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. இல்லாத மார்ட்டினுக்குக் காதலி, கடன், கல்யாணக் கனவு எல்லாம் தந்தார்கள். இருந்த மைக்கேலுக்கு அதில் எதுவுமே வாய்க்கவில்லை. படத்தின் உண்மையான சோகம் இதுதானே?

இந்தத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அதனால், 'செஞ்சது தப்பு' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், போர் முடிந்ததும் பெயரையாவது சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த ராணுவ ரகசியமும் தடையாக இருந்திருக்காது.

வீக்எண்டில் படம் பாருங்க, நல்ல த்ரில்லர்தான். முடிந்ததும் அந்தப் பெயரை மட்டும் ஒருமுறை சொல்லிப் பாருங்க: க்ளிண்டூர் மைக்கேல்.