அறுந்த இழையும் டெங்குக் கணக்கும்

ஒரு புடவை நெய்து முடிப்பதற்குள் எத்தனை இழை அறும் என்று ஆரணிப் பக்கத்துச் சேவூர்த் தறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஒற்றை எண்ணில் பதில் வராது. நூல் எப்படி, பாவு எவ்வளவு இறுக்கம் என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். காய்ச்சல் கணக்கைப் படிக்கிற நாம் மட்டும் ஏனோ அப்படிக் கேட்பதில்லை.

இழை அறுவதை எண்ணியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்துப் புள்ளியியலாளர் டிப்பெட் 1950-இல் வெளியிட்ட அந்தக் கணக்கு இன்றும் வகுப்பறைப் பாடம். மொத்தம் 54 பதிவுகள், சராசரி 28. ஒரு தறியில் 10 இழைதான் அறுந்தது, இன்னொன்றில் 70. எண்ணிக்கை என்றாலே புள்ளியியல்காரர்கள் நாங்கள் முதலில் எடுப்பது பாய்சான் மாதிரி. சராசரியும் மாறுபாடும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் அது செல்லும். இங்கே மாறுபாடு 174. நூல் வகை, இறுக்கம் இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் சிதறல் அடங்கவில்லை.

டெங்கு இதைவிட முரண்டு பிடிக்கும். தமிழ்நாட்டில் 2016-இல் 2,531 பேர், அடுத்த ஆண்டு 23,294 பேர், 2018-இல் 4,486 பேர். 2012 முதல் 2018 வரை ஆண்டுச் சராசரி சுமார் 8,085. பாய்சானை நம்பினால் எந்த ஆண்டும் அதிலிருந்து இருநூறுக்கு மேல் விலகுவது அபூர்வம்! ஒருவருக்கு வந்த காய்ச்சல் அதே தெருவின் கொசு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. நோய் கொத்துக் கொத்தாக வருகிறது. அந்தக் கொத்துக்கு இடம் கொடுப்பது எதிர்மறை ஈருறுப்பு மாதிரி. ஒரு வட்டாரத்தில் போன வாரம் மூன்று, இந்த வாரம் ஏழு என்றால், ‘இரு மடங்குக்கு மேல் உயர்வு’ என்று தலைப்புப் போடுமுன் அந்த மாதிரியைக் கொஞ்சம் கேட்கலாம்.

எனக்குப் பெரிய கவலை இந்தக் கணக்கில் வரும் பூஜ்ஜியத்தைப் பற்றி. எலைசா என்னும் ரத்தச் சோதனையில் உறுதியானால்தான் டெங்கு கணக்கில் ஏறும். ஆனால் நெசவாளருக்குத் தறி நின்றால் கூலி நிற்கும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி தறியில் உட்காருகிறவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். நோயில்லாத பூஜ்ஜியமும் சோதிக்காத பூஜ்ஜியமும் தாளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவற்றைப் பிரிக்கவென்றே பூஜ்ஜியம் மிகுந்த மாதிரிகள் உண்டு. ஆனால் வெறும் பூஜ்ஜியங்களை மட்டும் கொடுத்தால் அவையும் ஊகிக்கத்தான் செய்யும்.

ஆகவே சுகாதாரத் துறையிடம் கேட்பது ஒன்றுதான்: ஆரணி வட்டாரத்தில் இந்த வாரம் டெங்கு இல்லை என்று அறிவிக்கும்போது, எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் என்ற எண்ணையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

- கட்டுரையாளர், உயிரிப் புள்ளியியல் ஆசிரியர்