பாதிப் பெண் யாரும் இல்லை

பெரம்பூருக்குச் 'சங்கம்' என்ற சொல்லின் பலம் தெரியும். 1918இல் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இங்கேதான். ஒற்றை ஆளாகக் கேட்டால் எடுபடாததைச் சங்கமாகக் கேட்கலாம் என்று இந்த ஊர் கற்றுக்கொடுத்தது.

அதே சொல்லை 1995இல் பம்பாயில் சில பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்களை நேசிக்கும் பெண்களும் இருபாலீர்ப்புள்ள பெண்களும் சேர்ந்து அமைத்த அந்தக் குழுவின் பெயர் 'ஸ்த்ரீ சங்கம்'. பின்னாளில் அது 'லேபியா' ஆனபோது 'பைசெக்ஸுவல்' என்ற சொல்லும் அதன் பெயருக்குள் இருந்தது. 1999இல் கல்கத்தாவில் தொடங்கிய 'சாஃபோ'வும் இருபாலீர்ப்புள்ள பெண்களைத் தன் உறுப்பினர்களாக வெளிப்படையாகவே சொன்னது. அமெரிக்காவின் பாஸ்டனில் 1983லேயே இருபாலீர்ப்புப் பெண்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டிருந்தார்கள். இங்கே 377ஆம் பிரிவு தலைக்குமேல் தொங்கிய காலத்தில், இரு தரப்பாரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நின்றார்கள்.

பலகையில் இடம் கிடைத்தவளுக்கு நம் மனத்தில் இடம் கிடைத்ததா?

"இவளை நம்ப முடியாது, நாளைக்கே ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவா." பெண்ணியம் பேசும் நாமே சொல்கிற வாக்கியம் இது. போயிடுவாளா? நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பெண் போகிறாளா, அனுப்பப்படுகிறாளா? சாதியும் சீரும் ஜாதகமும் பேசி முடித்த ஒன்றை அவளுடைய ஆசைக்குச் சாட்சியாக எப்படி எடுத்துக்கொள்கிறோம்? தாலி ஒருத்தியின் ஈர்ப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவள் விரும்பியே ஓர் ஆணை மணந்திருந்தாலும், பெண்ணை நேசிக்கும் அவள் மனம் அதனால் பொய்யாகிவிடாது.

1998 டிசம்பரில் 'ஃபயர்' ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டபோது பெண்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் படத்தின் இரு பெண்களுமே மணமானவர்கள். திரையில் இருந்தவர்களுக்காகக் குரல் கொடுத்த நாம், அதே கோலத்தில் ஒருத்தி நம் கூட்டத்துக்கு வந்தால் ஏன் விசாரணை நடத்துகிறோம்?

377ஆம் பிரிவின் பிடி 2018இல் தளர்ந்தது. பாலீர்ப்பு, பாலினம் குறித்த கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசே 2022இல் வெளியிட்டது. சட்டமும் அகராதியும் நகர்ந்த அளவுக்குக்கூட நாம் நகரவில்லை.

இருபாலீர்ப்பு குழப்பம் அல்ல, பயணத்தின் பாதி வழியும் அல்ல. ஒருத்தி தன்னை இன்னாள் என்று சொன்னால், அதுவே சான்று. நிரூபிக்கச் சொல்லும் வேலையைக் குடும்பம் ஏற்கெனவே செய்கிறது. சங்கமும் அதையே செய்தால் அவள் எங்கே போவாள்?