இறகு சொல்லும் சாட்சி

குற்றம் நடந்தால் போலீசார் சாட்சியைத் தேடுவார்கள். மண்ணிலும் நீரிலும் விஷம் கலந்தால் யார் சாட்சி சொல்வது?

பறவையின் இறகு சொல்லும்!

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயில் வெள்ளியைப் போல் மின்னுமே, அதுதான் பாதரசம். அது உடலில் சேர்ந்தால் விஷம். இறகு வளரும்போது அதற்குள் ரத்தம் ஓடுகிறது. பறவை தின்ற இரையில் பாதரசம் இருந்தால், அது ரத்தத்தோடு வந்து இறகில் ஒட்டிக்கொள்ளும். இறகு வளர்ந்து முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஒட்டிய பாதரசமோ அங்கேயே தங்கிவிடும். நூறு ஆண்டு ஆனாலும் போகாது.

வல்லூறு, கழுகு போன்ற வேட்டைப் பறவைகளின் இறகு மிக நல்ல சாட்சி. தானியத்தில் உள்ள விஷம் அதைத் தின்னும் புறாவுக்குப் போகிறது. பல புறாக்களைத் தின்னும் வல்லூற்றின் உடலில் அது மேலும் மேலும் சேருகிறது.

சுவீடன் கற்ற பாடம்

சுவீடன் நாட்டில் விதைத் தானியத்தில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்கப் பாதரசம் கலந்த மருந்தைத் தடவினார்கள். 1950-களில் பறவைகள் செத்து விழுந்தன. பொருட்காட்சி சாலைகளில் பாடம் செய்து வைத்திருந்த வல்லூறுகளின் இறகுகளை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். பழைய இறகுகளில் பாதரசம் கொஞ்சம்தான் இருந்தது. 1940-க்குப் பிந்திய இறகுகளில் பத்து மடங்குக்கும் மேல்! அந்த மருந்து புழக்கத்துக்கு வந்த காலமும் அதுதான்.

இந்த ஆராய்ச்சி 1966-ல் அச்சில் வந்தது. அதே ஆண்டு அந்த மருந்துக்குத் தடை வந்தது. அதன் பிறகு பறவைகளின் உடலில் பாதரசம் குறைந்தது.

ஈராக்கில் நடந்த கொடுமை

பறவையைக் கொன்ற விஷம் மனிதனை விடுமா? 1971-ல் ஈராக்குக்கு வந்த விதைக் கோதுமையில் அதே வகை மருந்து தடவியிருந்தது. மூட்டையில் எச்சரிக்கை இருந்தது. ஆனால் அந்நிய மொழியில்! கிராமத்து மக்களுக்குப் புரியவில்லை. அதை அரைத்து ரொட்டி சுட்டார்கள். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் மாண்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

"இறகைச் சோதிக்கவா மக்கள் பணம்?" என்று சிலர் கேட்கலாம். நோய் வந்தபின் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். இதற்குப் பறவையைக் கொல்ல வேண்டியதில்லை. அதுவே பழைய இறகை உதிர்க்கிறது. கூட்டின் கீழே பொறுக்கினால் போதும்.

ஒவ்வொரு அரசாங்கமும் ஆண்டுதோறும் ஆலை, சுரங்கம் உள்ள இடங்களில் இறகு சேகரிக்க வேண்டும். இடத்தையும் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். பொருட்காட்சி சாலையில் உள்ள பழைய இறகுகளைப் பூச்சி அரிக்க விடக் கூடாது. அவை இல்லாவிட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது.

சோதனையின் முடிவைக் கோப்பில் பூட்டி வைப்பதும் தவறு. அந்த ஊர் மக்கள் பேசும் மொழியில், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி எழுதி ஒட்ட வேண்டும். புரியாத எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்?